ஒரே கொட்டில், ஒரே புல்லு, ஆனால் ஒரே பசி இல்லை: அனுசேப வீதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அனுசேபம் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டு மாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். அடுத்த நாள் அவர்களுடைய அம்மாமார் வழியில் மறித்துக் கேட்பார்கள். சில வருடங்களாகச் சேர்ந்த அந்தக் கேள்விகளையும் என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அனுசேப வீதம் என்றால் என்ன சேர்? புத்தகத்தில் இருக்கிற மாதிரி இல்லாமல் சொல்லுங்கள்.

ஒரு உயிர் ஒரு மணித்தியாலத்திலோ ஒரு நாளிலோ எவ்வளவு சக்தியை எரிக்கிறது என்பதுதான் அது. இந்தியப் புத்தகங்களில் இதையே வளர்சிதை மாற்ற வீதம் என்று எழுதுவார்கள். மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாலும் இதயம் அடிக்க வேண்டும், ஈரல் வேலை செய்ய வேண்டும், உடம்பு சூடு ஏறக்குறைய 38.5 பாகையில் நிற்க வேண்டும். வயிறு காலியாக, ஓய்வில், குளிரும் வெக்கையும் இல்லாத இடத்தில், வளர்ச்சி முடிந்த விலங்கு எரிக்கும் அளவை அடிப்படை அனுசேப வீதம் என்கிறோம். அதற்கு மேல் நடை, பால், சினை, குளிர் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறும்.

என்னிடம் இரண்டு பசு. ஒரே புல்லு, ஒரே புண்ணாக்கு. ஒன்று மினுமினுவென்று இருக்கிறது, மற்றதுக்கு விலா எலும்பு எண்ணலாம். ஏன்?

அதிகம் வரும் கேள்வி இது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மா வளர்த்த கறுப்பியும் புள்ளியும் ஒரு தாய்க்குப் பிறந்த கிடாரிகள், இரண்டும் சினை ஊசியில் பிறந்தவை. லயத்துக்குப் பின்னால் ஒரே கொட்டில். அம்மா மலையால் வந்து கூடையை இறக்கிய கையோடு இரண்டு கட்டுப் புல்லை இரண்டு தொட்டியிலும் போடுவார். புள்ளி தன்னுடையதை முடித்துவிட்டு நாக்கை நீட்டிக் கறுப்பியின் தொட்டியை எட்டப் பார்ப்பாள். கறுப்பி பாதியை வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். ஆனால் விலா தெரிந்தது புள்ளிக்குத்தான். "கண்ணூறு" என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

ஓய்வு நேர வீதம் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் வெளிப்படையான காரணங்களைக் கழிக்க வேண்டும். எது எத்தனை லீற்றர் கறக்கிறது? ஒரு லீற்றர் பாலுக்கு மாட்டின் உணவிலிருந்து சுமார் 5 மெகா யூல் சக்தி போகிறது. 400 கிலோ பசு சும்மா உயிரோடு நிற்க ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 45 மெகா யூல். அப்படியானால் 10 லீற்றர் கறக்கிற பசுவுக்கு, கறவை வற்றிய பசுவைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று மேல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு மெலிந்ததைத் திட்டுவது அநியாயம்.

பிறகு சினையின் கடைசி இரண்டு மாதம், வயிற்றுப் பூச்சி, உண்ணி, காய்ச்சல். உடம்புச் சூடு ஒரு பாகை ஏறினால் எரிப்பு சுமார் 10 சதவீதம் ஏறுகிறது. மேய்ச்சலுக்கு ஏறும் ஏற்றத்தையும் எண்ணுங்கள். 400 கிலோ பசு 100 மீற்றர் உயரம் ஏறினால் சுமார் ஒரு மெகா யூல் செலவு. அது மூன்றிலொரு லீற்றர் பாலில் இருக்கும் சக்தி. நம் மலைகளில் தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு ஏறினாலே 100 மீற்றர் வந்துவிடும்.

இவ்வளவையும் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றால் அடுத்த கேள்விகளுக்கு வாருங்கள். கறுப்பிக்கும் புள்ளிக்கும் நின்றது.

பெரிய மாடு கூடத் தின்னும், சின்ன மாடு குறையத் தின்னும். அவ்வளவுதானே?

பாதி சரி. மாக்ஸ் கிளைபர் என்ற ஆய்வாளர் 1932இல் பலவகை விலங்குகளை ஒப்பிட்டு, எரிப்பு எடையோடு நேராக ஏறுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கோடு ஏறுகிறது என்று காட்டினார். கிலோவில் எடையை எடுத்து 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் ஒரு நாளின் அடிப்படைத் தேவை கிலோ கலோரியில் வரும். 400 கிலோ பசுவுக்குச் சுமார் 6,260, 300 கிலோ பசுவுக்குச் சுமார் 5,050. எடை 25 சதவீதம் குறைந்தாலும் தேவை 19 சதவீதம்தான் குறைகிறது. சின்ன மாடு என்று நினைத்துத் தீவனத்தைக் கால்வாசி வெட்டினால் அதைப் பட்டினி போடுகிறீர்கள்.

ஆனால் கிளைபரின் கோடு எலியிலிருந்து மாடு வரைக்கும் இழுத்த கோடு. ஒரே இனத்துக்குள் பார்த்தால் தனித்தனி விலங்குகள் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்கும்.

எடை, வயது, பால் எல்லாம் சமன் என்று வைப்போம். அப்போதும் வித்தியாசம் இருக்குமா?

இருக்கும், நாம் நினைப்பதைவிடப் பெரிதாக. எடை, வயது, ஆணா பெண்ணா என்பது மூன்றையும் சமன் செய்த பிறகும் சில இனங்களில் ஓய்வு நேர எரிப்பு ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல் வேறுபடுவதை அளந்திருக்கிறார்கள். அது அளவுப் பிழையும் அல்ல. அதே விலங்கைச் சில வாரம் கழித்துத் திரும்ப அளந்தாலும் கூட எரித்தது கூடத்தான் எரிக்கும், குறைய எரித்தது குறையத்தான் எரிக்கும். இடைவெளி நீள நீள அந்த ஒழுங்கு கொஞ்சம் தளரும்.

எங்கிருந்து வருகிறது இது? முதலில் உள்ளுறுப்புகளைப் பாருங்கள். தராசில் எடை ஒன்றாக இருக்கலாம், அந்த எடை எதனால் ஆனது என்பது வேறு. மனித உடம்பில் எடுத்த கணக்கு இது: ஒரு கிலோ இதயமோ சிறுநீரகமோ ஒரு நாளைக்குச் சுமார் 440 கிலோ கலோரி எரிக்கிறது, மூளை 240, ஈரல் 200. ஓய்வில் இருக்கும் தசை வெறும் 13. கொழுப்பு 4.5. மாட்டிலும் ஆட்டிலும் குடலும் ஈரலும் சேர்ந்து உடம்பு எடையில் பத்திலொரு பங்கு அளவுதான், ஆனால் அவை குடிக்கும் ஒட்சிசன் மொத்தத்தில் பாதியை நெருங்கும். ஆகவே ஒரே எடையுள்ள இரண்டு பசுக்களில் ஒன்றுக்கு ஈரலும் குடலும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். அது படுத்துக் கிடந்தாலும் கூடத்தான் எரிக்கும்.

அடுத்தது கலத்துக்குள். இதைத் தரம் 11க்குச் சொல்லும்போது நான் காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் காட்டுவேன். அங்கே தேங்கும் நீர் கீழே விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. நீர் முழுவதும் சுழலி வழியாகப் போனால் முழுவதும் மின்சாரம். அணையில் கசிவு இருந்தால் அந்த நீர் சும்மா போகும். நம் கலங்களில் உள்ள இழைமணியிலும் ஒரு மென்சவ்வுக்குப் பின்னால் புரோத்தன்கள் தேங்குகின்றன. அவை சுழலியைப் போன்ற ஒரு நொதியத்தின் வழியாகத் திரும்பும்போது, கலம் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் சக்திப் பொருளான ஏ.ரி.பி. உண்டாகிறது. ஒரு பங்கு சவ்விலேயே கசிந்து வெறும் சூடாகப் போகிறது. எலியில் ஓய்வு நேர எரிப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இந்தக் கசிவுக்கே போகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கசிவு எல்லா விலங்கிலும் ஒரே அளவு இல்லை.

மூன்றாவது தைரொயிட் சுரப்பி. அடுப்பின் காற்றுவாயைத் திறப்பதும் மூடுவதும் போல, தைரொட்சின் கூடினால் எரிப்பு கூடும், குறைந்தால் குறையும். நோயில்லாத விலங்குகளுக்குள்ளும் இதன் அளவில் ஏற்றத்தாழ்வு உண்டு.

இது பிறவிக் குணமா, வளர்ப்பா?

இரண்டும். பிறவிப் பங்கு உண்டு என்பதற்குப் போலந்தில் ஆய்வுகூட எலிகளில் செய்த வேலை நல்ல சான்று. கூட எரிக்கும் எலிகளைத் தங்களுக்குள்ளும் குறைய எரிக்கும் எலிகளைத் தங்களுக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக இணைத்துக்கொண்டு போனபோது இரண்டு வம்சங்கள் தெளிவாகப் பிரிந்தன. கூட எரிக்கும் வம்சத்துக்குக் குடல், ஈரல், சிறுநீரகம், இதயம் எல்லாம் பெரிது. மாட்டில் சாதி வித்தியாசமும் இதுதான். பால் மாட்டுச் சாதிகளுக்கு உயிரோடு நிற்கவே இறைச்சி மாட்டுச் சாதிகளைவிடக் கூடத் தேவை, சுமார் 20 சதவீதம். திமில் உள்ள நாட்டு மாட்டு வகைக்குச் சீமை மாட்டைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. நம் தோட்டங்களில் நிற்பதெல்லாம் பிரீசியனும் ஜேர்சியும் நாட்டு மாடும் எத்தனையோ விதமாகக் கலந்தவை. ஒரே தாயின் இரண்டு கிடாரிகளுக்கு அப்பன் வேறாக இருந்தால் உள்ளே இருக்கும் அடுப்பும் வேறாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

வளர்ப்புப் பங்கு கருவிலிருந்தே தொடங்குகிறது. தாய்க்குக் கிடைத்த தீனி, தாயின் ஹோர்மோன்கள், பிறந்த முதல் மாதங்களில் கன்றுக்குக் கிடைத்த பால் எல்லாம் உறுப்புகள் எப்படி வளர வேண்டும் என்பதைத் தொடுகின்றன. பிறகும் அது கல்லில் எழுதியது அல்ல. தீனி குறைந்தால் சில வாரங்களில் ஈரலும் குடலும் சுருங்கி எரிப்பு இறங்கும். வரட்சியில் வாடிய மாடு, மழை வந்து புல் தழைத்ததும் திடீரென்று தேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்: தீனி ஏறிவிட்டது, அடுப்பு இன்னும் சிறிதாக இருக்கிறது.

நுவரெலியாக் குளிர்தான் மாட்டை மெலிய வைக்கிறது என்கிறார்களே?

கறவைப் பசுவை அல்ல. நன்றாகத் தின்று நல்ல அளவு கறக்கிற பசு, அசைபோடும்போதும் பால் சுரக்கும்போதும் உண்டாகும் சூட்டிலேயே நம் குளிரைத் தாங்கிவிடும். அதைத் தொல்லைப்படுத்துவது 25 பாகைக்கு மேற்பட்ட வெக்கைதான். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம், வருடச் சராசரி 16 பாகையை ஒட்டி நிற்கிறது. பசுவுக்குச் சொகுசான இடம்.

கன்றுதான் கஷ்டப்படும். பிறந்து மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றுக்கு 15 பாகைக்குக் கீழே போனாலே சூடு காக்கக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கிறது. தை, மாசியில் நம் பக்கம் புல்லில் உறைபனி படிகிற இரவுகளும் உண்டு. நனைந்த மயிர் சூட்டைப் பிடிக்காது, அதில் காற்றும் அடித்தால் இன்னும் மோசம். தகரக் கூரை ஒழுகும் கொட்டிலில் ஈரச் சாணத்தின் மேல் படுத்திருக்கும் கன்று, குடித்த பாலை வளர்ச்சிக்குப் போடாமல் நடுக்கத்துக்கே போடுகிறது. அதே நாளில் பிறந்து, காய்ந்த மானாப்புல் மெத்தையில், முதுகில் ஒரு சாக்கோடு படுத்திருக்கும் கன்று வளரும். இரண்டும் ஒரே சாதியாக இருக்கலாம். நான் பார்த்த வரையில் நம் கொட்டில்களில் பண்டிதத்தனம் எதுவும் இல்லாமல் உடனே திருத்தக்கூடியது இது ஒன்றுதான். தயவுசெய்து கன்றுக்குக் காய்ந்த படுக்கை போடுங்கள்.

உயரத்தில் காற்று மெலிது. அதனால் எரிப்பு குறையுமா?

நுவரெலியா உயரத்தில் ஒட்சிசன் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். ஓய்வில் இருக்கும் மாட்டுக்கு அது பெரிய விஷயம் அல்ல, இரத்தமும் மூச்சும் ஈடுகட்டிவிடும். மாடுகளுக்கிடையிலான வித்தியாசத்துக்கு இதைக் காரணம் சொல்ல முடியாது.

கோழிக்கும் இப்படியா?

ஆமாம். இறகு உதிர்ந்து முதுகு தெரிகிற கோழி, அதே கூட்டில் முழு இறகோடு இருக்கும் கோழியைவிட நிறையத் தின்னும். பேராசை இல்லை, போர்வை இல்லை.

ஓணான், மீன் போன்ற குளிர்இரத்த உயிர்களுக்கு?

அங்கே வெளி வெப்பநிலைதான் முதல் எசமான். வெப்பநிலை 10 பாகை ஏறினால் எரிப்பு இரண்டு, மூன்று மடங்கு ஆகும். ஹக்கலைக் காட்டில் பாசி படிந்த மரத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் கொம்பு ஓணானைக் கவனித்தால் புரியும். வெயில் விழும் கிளையில் இருப்பதும் நிழல் கிளையில் இருப்பதும் அந்த நேரத்தில் வெவ்வேறு வீதத்தில் எரித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒரே வெப்பநிலையில் வைத்து அளந்தாலும் தனிப்பட்ட வித்தியாசம் மறைவதில்லை. அதைப் பற்றி மிக நன்றாகத் தெரிந்திருப்பது ட்ரவுட், சால்மன் வகை மீன்களில்தான். நம் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கும் ட்ரவுட்டும் அந்தக் குடும்பம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டது.

கூட எரிப்பது நல்லதா, குறைய எரிப்பது நல்லதா?

எந்த ஓடை, எந்த வருடம் என்று சொல்லுங்கள், அப்புறம்தான் பதில். அந்த மீன் குடும்பத்தின் குஞ்சுகளில் கூட எரிப்பவை பொதுவாக முரடு. நல்ல இடத்தைப் பிடித்து மற்றவற்றைத் துரத்தும். இரை தாராளமாக இருக்கும் ஓடையில் அவை வேகமாக வளரும், ஏனென்றால் பெரிய குடலும் ஈரலும் கிடைத்ததை வேகமாகச் செரித்து உடம்பாக்கும். இரை சுருங்கினால் அதே குஞ்சுகள் சும்மா இருப்பதற்கே நிறையச் செலவழித்து மெலியும். அப்போது அமைதியான, குறைய எரிக்கும் குஞ்சு தாக்குப்பிடிக்கும். இதனால்தான் இயற்கை ஒரு பக்கத்தையும் துடைத்துப் போடவில்லை என்று உயிரியலாளர் பலர் கருதுகிறார்கள். நல்ல வருடம் ஒன்றுக்குக் கைகொடுக்கும், கெட்ட வருடம் மற்றதுக்கு.

வேகமாக எரிந்தால் சீக்கிரம் அணையும், அதாவது ஆயுள் குறையும் என்று ஒரு பழைய எண்ணம் 1900களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அதுவும் அப்படியே நிற்கவில்லை. ஸ்கொட்லாந்தில் எலிகளை ஆயுள் முழுவதும் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், கூட எரித்த கால்பங்கு எலிகள் குறைய எரித்த கால்பங்கைவிட 36 சதவீதம் அதிக காலம் வாழ்ந்தன. அவற்றின் இழைமணிகளில் அந்தக் கசிவும் கூட இருந்தது. கசிவு, கேடு விளைவிக்கும் ஒட்சிசன் வேதிப்பொருட்கள் உண்டாவதைக் குறைக்கலாம் என்பது ஆய்வாளர் சொன்ன விளக்கம். எல்லா இனத்துக்கும் இது பொருந்தும் என்று இழுக்கக் கூடாது.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

பாரிசில் 1782–83 குளிர்காலத்தில் லவோசியே, லப்லாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் வைத்து, உருகிய நீரை அளந்து அது வெளியிட்ட சூட்டைக் கணக்கிட்டார்கள். மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்பதை அந்தப் பெட்டி காட்டியது. இப்போது பெரும்பாலும் மூடிய அறையிலோ முகமூடியிலோ ஒட்சிசன் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு லீற்றர் ஒட்சிசன் பயன்பட்டால் சுமார் 20 கிலோ யூல் எரிந்தது என்று பொருள். அடைக்காமல் வெளியில் திரியும் விலங்குக்கு, ஐதரசனிலும் ஒட்சிசனிலும் கனமான சமதானிகள் (அதே மூலகத்தின் எடை கூடிய அணுக்கள்) கலந்த நீரைக் கொடுத்து, அவை உடம்பிலிருந்து வெளியேறும் வேகத்தைப் பார்க்கும் முறை 1950களில் வந்தது.

மனிதருக்கும் இதே கதைதானா? என் தம்பி எவ்வளவு தின்றாலும் ஒல்லிதான்.

அடிப்படை இதேதான். மனிதரில் பெரும்பங்கை விளக்குவது கொழுப்பு நீங்கலான உடம்பு எடை. மிச்சத்தில் ஒரு பகுதி இன்னும் தனிப்பட்ட வித்தியாசமாகவே நிற்கிறது. பல நாடுகளிலிருந்து 6,400க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து 2021இல் வந்த ஆய்வு ஒரு நல்ல செய்தி சொன்னது: உடம்பமைப்பைச் சமன்செய்தால் 20 வயதிலிருந்து 60 வரை எரிப்பு பெரிதாக மாறுவதில்லை. ஒரு வயதுக் குழந்தைதான் வளர்ந்தவரைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூட எரிக்கிறது. ஆனால் முன்பு சதைப்பிடிப்பாக இருந்த ஆள் காரணமில்லாமல் மெலிந்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் அதைச் "சூட்டு உடம்பு" என்று விட்டுவிடாதீர்கள். தைரொயிட்டைப் பரிசோதிக்க வேண்டும்.

சரி சேர், லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருக்கிற நான் என்ன செய்வது?

தராசு வேண்டாம், தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள், தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு முனை வரை நீளம் எடுங்கள், இரண்டும் சென்ரிமீற்றரில். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சு 170, நீளம் 140 என்றால் சுமார் 373 கிலோ. மாதம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், தீனி போடுவதற்கு முன் எடுத்து, பக்கத்தில் அன்றைய பாலையும் எழுதுங்கள். தொட்டியைப் பிரித்து வையுங்கள். அப்போதுதான் யார் எவ்வளவு தின்றது என்று தெரியும். பூச்சி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். புண்ணாக்கைப் பாலுக்கும் எடைக்கும் தக்கபடி பிரியுங்கள், தலைக்கு இவ்வளவு என்று சமமாக அல்ல.

இரண்டில் ஒன்றை விற்கத்தான் வேண்டும் என்றால் எதை?

அம்மாவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. வீடே புள்ளியைத்தான் காட்டியது. நான் அப்போது கல்வியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் பொறுக்கச் சொல்லி ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்தேன். அம்மா எழுத்துக் கூட்டித்தான் எழுதுவார், ஆனாலும் ஒரு மாதம் தவறவில்லை. அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் பால் கறை. மழை பிடித்துப் புல் தழைத்த மாதங்களில் புள்ளி கறுப்பியைவிட நாளைக்கு மூன்று லீற்றர் கூடக் கறந்திருக்கிறாள். மாசி, பங்குனியில் புல் கருகியபோது அவள் பாலும் எடையும் சரிந்திருக்கின்றன. கறுப்பியின் கணக்கு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே கோடு.

ஆற்றோரத்தில் நேப்பியர் நட்டு வருடம் முழுக்கப் பச்சைப் புல் வெட்ட வசதி இருப்பவர் புள்ளி மாதிரி மாட்டை வைத்துக்கொள்ளட்டும். மலையோரப் புல்லை மட்டும் நம்பியிருப்பவருக்குக் கறுப்பி மாதிரி மாடு தோது. எங்களுக்கு ஆற்றோரத்தில் நிலம் இருக்கவில்லை. அம்மா புள்ளியை விற்றார், ஆனால் இறைச்சிக்கு அல்ல. கீழ் டிவிசனில் ஓடைக்கரையில் புல் நட்டிருந்த ஒரு வீட்டுக்கு, கொப்பியைக் காட்டி, நல்ல கறவை மாட்டின் விலைக்கு.